காத்ரஜ் மலையில் மதினியின் தேங்காய்

மதினி கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்த சீரில் எவர்சில்வர் குடம் இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, தையல் மெஷின் இருந்தது. சைக்கிள் மட்டும் இல்லை. இருந்திருந்தால் ரயிலை விட்டு இறங்கிய அன்றைக்கே நான் சுதாரித்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கோர்படி ரயில்வே காலனியில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அண்ணனும் நானும் பிறந்து வளர்ந்தது புனேயில். வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, காய்கறி வண்டிக்காரியிடம் மராத்தி என்று எங்கள் நாக்கு அதுவாகவே மாறிக்கொள்ளும். அண்ணன் கண்டோன்மென்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நான் பி.காம். முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் அண்ணனும் நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். திவே காட் என்ற மலைப்பாதை ஏறி சாஸ்வட், சிங்கட் கோட்டை அடிவாரம், பான்ஷேத் அணைக்கரை என்று புனேயைச் சுற்றியிருக்கும் மலைகளில் நாங்கள் போகாத பாதை குறைவு. மலைகளுக்கு நடுவே பழைய ஊர்கள் வரும். கருங்கல் படிக்கட்டு, கோயில் முன்னால் விளக்குத் தூண், எருமை கட்டியிருக்கும் மரத்தடியில் வாளும் குதிரையுமாக ஒரு நடுகல். பேஷ்வா காலத்தில் யாரோ ஒரு சர்தார் கட்டிய பெரிய வீடு பாதி இடிந்தும், மீதிப் பாதியில் ஆள் குடியிருந்தும் நிற்கும். அந்த மாதிரி வீட்டை வாடா என்பார்கள். அண்ணனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கு மலை ஏறி இறங்கினால் போதும். ஊருக்குள் நுழைந்து பார்ப்பதும், தண்ணீர் கேட்பதும், பேச்சுக் கொடுப்பதும் நான்தான்.

வழி கண்டுபிடிப்பதும் நான்தான். ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டில் மலைப்பாதை பஸ்களின் டிரைவர்கள் டீ குடிக்கும் இடத்தில் போய் நிற்பேன். "எந்த வளைவில் முதல் கியர் போடுவீர்கள்?" என்று கேட்பேன். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன். வரைபடத்தில் சாலை கோடாகப் போகும், ஏற்றம் தெரியாது. பஸ் எங்கே முதல் கியருக்கு வந்து முனகுகிறதோ அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும். இரண்டாவது கியர் என்றால் எழுந்து நின்று மிதித்து ஏறிவிடலாம். முதலில் டிரைவர்கள் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தாலே "வா பேட்டி, இன்றைக்கு எந்த காட்?" என்று மகளைக் கூப்பிடுவது போல் அவர்களே ஆரம்பிப்பார்கள். சுற்று வட்டாரத்து மலை எல்லாம் எனக்குக் கியர் கணக்கில் மனப்பாடமாக இருந்தது.

பெரிய சுற்று என்று நாங்கள் பெயர் வைத்தது அப்படி உருவானதுதான். காத்ரஜ் மலை ஏறி, போர் என்ற பழைய சமஸ்தான ஊர் வழியாக வரந்தா காட்டைக் கடந்து கொங்கணத்தில் இறங்குவது. மகாட், பொலாத்பூர் போய் அங்கிருந்து மறுபடி மகாபலேஷ்வருக்கு ஏறுவது. வாய் என்ற ஊர் வழியாகப் புனே திரும்புவது. அண்ணன் ஒவ்வொரு தீபாவளி லீவிலும் போகலாம் என்பான். ஒரு வருடம் எனக்குப் பரீட்சை வந்தது, ஒரு வருடம் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது, அடுத்த வருடம் அவனுக்கே பெண் பார்க்கப் போனோம். "மலை எங்கட்டி போயிரும்? அடுத்த தீபாவளிக்கு நாம ரெண்டு பேரும் போறோம், பக்கா" என்றான். நானும் நம்பினேன்.

மதினிக்குத் தென்காசிக்குப் பக்கத்து ஊர். வயதில் என்னைவிட ஒன்று சின்னவள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் எனக்கு அவள் மதினி. என் வயதுக்கு மரியாதை கொடுத்து அவளும் என்னை மதினி என்றே கூப்பிட்டாள். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. இஸ்திரிக்காரர் கதவைத் தட்டினால் அடுப்படிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுப்பாள். பாவமாக இருக்கும். முதல் இரண்டு மாதம் எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம், பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை பால் வரவில்லை. நான் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் என் லேடீஸ் சைக்கிள் வாசலில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மதினி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹேண்டில்பாரில் பால் பாக்கெட் தொங்க, காலனி முனையில் திரும்பி வந்தாள்.

"மதினி, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்லல்லா இருந்துச்சு. எங்கப்பா சைக்கிள்ல பாருக்குள்ள காலை விட்டு ஓட்டிட்டுப் போவேன். தென்காசிக் காத்து எதுத்து அடிக்கும் பாருங்க, ஆளையே தூக்கிட்டுப் போயிரும். இங்கன என்ன மதினி, காத்தே இல்ல."

நான் பிறந்து வளர்ந்த ஊரில் காற்றே இல்லையாம். வந்து இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அதைக் கேட்டு அண்ணன் முகம் மலர்ந்ததே, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு மாமாவின் கறுப்பு சைக்கிளை இரவல் வாங்கிவிட்டான். போட்டுக்கொள்ள உடுப்பு இல்லையே என்றாள் மதினி. என் பழைய சல்வார் கமீஸையும் பச்சைத் துப்பட்டாவையும் நானேதான் எடுத்துக் கொடுத்தேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று தெரியாமலா சொன்னார்கள்?

காத்ரஜ் மலையில் சுரங்கப்பாதைக்கு முன்னால் கடைசியாக ஒரு வளைவு உண்டு. பஸ் முதல் கியர் போடும் வளைவு. எத்தனையோ ஞாயிறு ஏறியிருக்கிறேன், ஒரு தடவைகூட நான் அங்கே இறங்காமல் போனதில்லை. அண்ணனிடம் கியர் சைக்கிள் இருந்தது. மாற்றலாகிப் போன ஒரு மேஜரிடம் வாங்கியது. அவன் ஏறுவது பெரிய காரியமில்லை. மதினி இருந்ததோ மாமாவின் கியர் இல்லாத கறுப்பு சைக்கிளில். நான் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் என்னைத் தாண்டிப் போனாள். சீட்டை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. அண்ணனிடம் ஏதோ ரசப்பொடி அரைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள்.

சுரங்க வாசலில் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். "என்ன மதினி, செயின் கழண்டுருச்சா?" என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு கிழி கிழித்திருக்கலாம். உண்மையான அக்கறையோடு கேட்டாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆமாம் என்று சொல்லி, நன்றாக இருந்த செயினைக் குனிந்து பார்த்து, கையில் கரியையும் பூசிக்கொண்டேன்.

சுரங்கத்தின் அந்தப் பக்கம் வெளியே வந்ததும் மலை வரிசை வரிசையாகத் தெரியும். முதல் தடவை பார்க்கிற எவரும் ஒரு நிமிடம் பேச மாட்டார்கள். மதினி பேசினாள்.

"அட, எங்க மல!"

"இது சஹ்யாத்ரி, மதினி."

"பேரு என்னவா இருந்தா என்ன? இதே மலைதான தெக்க வந்து எங்க வீட்டுக்குப் பின்னால நிக்கி. பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்லா."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். குடம், விளக்கு, தையல் மெஷின் போதாதென்று மலையையும் சீராகக் கொண்டு வந்துவிட்டாள். சஹ்யாத்ரி மலையில் எத்தனையாவது வளைவில் எத்தனையாவது கியர் என்று தெரிந்து வைத்திருந்த நான் அதற்குப் பிறகு வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் வருவதை அவர்கள் இரண்டு பேரும் கவனிக்கவும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். சங்கராந்தி வந்ததும் அவளை என் வாடாவுக்குக் கூட்டிப்போனதுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட கொள்ளி.

என் வாடா என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. போர் போகும் கிளைச் சாலையில் ஒரு சின்ன ஊர். கோட்டை வாசல் மாதிரி ஒரு மரக்கதவு, அதற்குள்ளே சதுர முற்றம், முற்றத்தில் துளசி மாடம். முதல் தடவை தாகத்தில் அந்தக் கதவைத் தட்டியது நான். திறந்த அம்மாளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷனுக்கு மும்பையில் வேலை, இவர் நிலத்தையும் எருமையையும் பார்த்துக்கொண்டு தனியாக அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். வெயிலில் வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று வெல்லக் கட்டியும் தண்ணீரும் கொடுத்தார். நான் மாவ்ஷி என்றேன், சித்தி மாதிரி. அவர் என்னைப் போரி என்றார், பெண்ணே என்று. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் எனக்கு மோரும் பாக்ரி என்ற சோள ரொட்டியும் உண்டு, திட்டும் உண்டு. "இந்தத் தடவை ஏன் இவ்வளவு நாள்?" என்று என்னைத்தான் கேட்பார். அண்ணன் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சங்கராந்தி முடிந்த ஞாயிறு. அந்தச் சமயத்தில் மராத்திக்காரர்கள் எள்ளுருண்டை கொடுத்து, எள்ளும் வெல்லமும் தின்று இனிமையாகப் பேசு என்பார்கள். மாவ்ஷி எங்கள் மூவர் கையிலும் எள்ளுருண்டை கொடுத்தார். பிறகு மதினியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மராத்தியில் கேட்டார்.

"இவள் யார்? கழுத்தில் கரிமணி இல்லையே. கல்யாணம் ஆகவில்லையா?"

அங்கே கல்யாணமானவள் என்றால் கழுத்தில் கறுப்பு மணி கோர்த்த மங்கள்சூத்ரா இருக்கும். மதினியின் மஞ்சள் கயிறு கமீஸுக்குள்ளே கிடந்தது, கால் மெட்டி கான்வாஸ் ஷூவுக்குள்ளே கிடந்தது. இந்தக் கேள்விக்கு அந்த முற்றத்தில் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். மதினிக்கு மராத்தி தெரியாது, அண்ணன் டயரோடு இருந்தான். இல்லை, ஆகவில்லை, தூரத்து உறவு, ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாம். எள்ளுருண்டை வாயில் இருந்தது. "அண்ணன் பெண்டாட்டிதான் மாவ்ஷி, எங்களுக்கு மஞ்சள் கயிறு" என்றேன்.

மாவ்ஷி முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. மணைப் பலகையைப் போட்டு மதினியை உட்கார வைத்தார். மஞ்சளும் குங்குமமும் இட்டார். உள்ளே போய் ஒரு தட்டில் அரிசி, ரவிக்கைத் துணி, தேங்காய் எடுத்து வந்தார். ஓட்டி, அதாவது மடி, நிரப்புவது என்பார்கள் இதை. வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறும் மடியோடு அனுப்பக் கூடாது. முந்தானையை ஏந்த வேண்டும், மதினிக்கு முந்தானை இல்லை. "துப்பட்டாவை ஏந்துங்க மதினி" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என் பச்சைத் துப்பட்டா. அதில் கை கையாக அரிசி விழுந்தது, துணி விழுந்தது, கடைசியில் குடுமியோடு பெரிய தேங்காய் ஒன்று விழுந்தது. மாவ்ஷி வாழ்த்தியதையும் ஒவ்வொரு வார்த்தையாக நானே தமிழில் எடுத்துச் சொன்னேன். பேசுவது நான், நிரம்புவது அவள் மடி.

நான் அங்கேயே நின்றேன். மாவ்ஷி என் கன்னத்தைத் தட்டினார். "உனக்கு அப்புறம், போரி. கல்யாணமானதும் இதைவிடப் பெரிய காயாகப் போடுகிறேன்."

எத்தனை வருடமாக அந்தக் கதவைத் தட்டியிருக்கிறேன்! எனக்கு எள்ளுருண்டை. முதல் தடவை வந்தவளுக்குத் தேங்காய். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. எருமைக்குத் தண்ணீர் காட்டுவது போல் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வெளியே வந்ததும் மதினி மடியைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். "நாய்க்குக் கெடச்ச முழுத் தேங்கா மாதிரில்லா இருக்கு மதினி. இத வச்சுக்கிட்டு எப்பிடி மலை ஏற?" அண்ணனின் கியர் சைக்கிளில் கேரியர் கிடையாது. மாமாவின் சைக்கிளில் கேரியர் உடைந்திருந்தது. நல்ல கேரியர் உள்ள சைக்கிள் ஒன்றே ஒன்றுதான், அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. என் பச்சைத் துப்பட்டாவில் மூட்டையாகக் கட்டி, என் சைக்கிளில் ஏற்றி, அவள் தேங்காயை நான் சுமந்துகொண்டு வந்தேன். திரும்பி வரும்போதும் காத்ரஜ் ஏற வேண்டும். முன்னால் அவர்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். அடிக்கடி மதினி திரும்பிப் பார்த்து, "தேங்கா பத்திரமா இருக்கா மதினி?" என்றாள். பள்ளத்தாக்கில் உருட்டிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் யோசித்தேன். மறுநாள் அம்மா அதை உடைத்துச் சட்னி அரைத்தாள். சட்னி ருசியாக இருந்தது வேறு என் எரிச்சலைக் கிளப்பியது.

அந்த வருடத் தீபாவளிக்கு அண்ணன் அலுவலக நண்பன் தன் கியர் சைக்கிளை இரவல் கொடுத்தான். ஆக, கியர் சைக்கிள் இரண்டு. பெரிய சுற்றுக்கு நாள் குறித்தாயிற்று. நான் ஷூவுக்குப் புது லேஸ்கூட வாங்கிவிட்டேன். அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் சொன்னான்.

"இந்தத் தடவை அவ வரட்டும். நீ அடுத்த தடவை வா."

நான் கத்தினேன். பக்கா என்று சொன்னது யார், டிரைவர்களிடம் போய் நின்றது யார், வழி யாருடையது என்று கேட்டேன். அவன் "அரே, விடுட்டி" என்றான். அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "புருசன் பொஞ்சாதி போறாவ. நீ என்னத்துக்கு நடுவுல?" என்றாள். நடுவிலாம். எந்த இடத்தில் நான் நடுவில் போனேன்? எனக்கு முன்னால் அண்ணன், அவனுக்குப் பின்னால் நான் என்றுதான் அந்தச் சாலை இருந்தது. நடுவில் வந்தது யார்?

கடைசியில் மதினியையே பிடித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து பெரிய சுற்று முழுவதையும் கியர் கியராகச் சொன்னேன். வரந்தா காட்டில் எங்கெல்லாம் முதல் கியர், எங்கே தண்ணீர் கிடைக்காது, எங்கே குரங்குகள் பையைப் பிடுங்கும், பொலாத்பூருக்கு மேலே ஏற்றம் எப்படி முடியவே முடியாது என்று ஒன்று விடாமல் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை, கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. உள்ளதைக் கேட்டாலே பயந்து, நீங்களே போங்க மதினி என்று சொல்லிவிடுவாள் என்பது என் கணக்கு.

அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கதை கேட்கிற மாதிரி கேட்டாள். கண் மின்னியது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் விட்டுத்தர மாட்டேன் மதினி. கோவப்படாதீங்க. அடுப்படி வேலை முழுக்க நானே செய்யுதேன்னு சொல்லுங்க, செய்யுதேன். என் பட்டுச்சேலை வேணும்னா எடுத்துக்கோங்க. இத மட்டும் கேக்காதீங்க. உங்களுக்கு இத்தனை வருசம் இருந்துச்சு. பேச்சுத் தெரியாத இந்த ஊர்ல எனக்குன்னு கெடச்சது இது ஒண்ணுதான்."

அப்படி முகத்துக்கு நேரே சொல்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் மகாட் இறங்கியிருப்பார்கள், இந்நேரம் மகாபலேஷ்வர் ஏறிக்கொண்டிருப்பார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து நானும் மிதித்துக்கொண்டிருந்தேன். மழை பெய்யட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். தீபாவளிக்கு எங்கே மழை பெய்யும்?

மூக்கும் கன்னமும் கறுத்து, பல் மட்டும் தெரிகிற மாதிரி மதினி திரும்பி வந்தாள். எனக்கு மகாபலேஷ்வரிலிருந்து ஒரு ஸ்ட்ராபெர்ரி ஜாம் பாட்டில். "மதினி, நீங்க சொன்ன அதே எடத்துல பஸ் மொத கியர் போட்டுச்சு! சத்தத்த வச்சே எனக்குத் தெரிஞ்சுருச்சு" என்று குதித்தாள். இனிமேல் அதுவும் அவளுக்குத் தெரியும். ஜாம் பாட்டிலை நான் திறக்கவே இல்லை. அண்ணன்தான் காலி பண்ணினான்.

அதற்குப் பிறகு தீபாவளி என்றால் அவர்கள் இருவரும் பெரிய சுற்று போவது வழக்கமாகிவிட்டது. அடுத்த தடவை என்பது எனக்கு வரவேயில்லை. ஒரு வருடம் அவள் மாசமாக இருந்தாள், ஒரு வருடம் கைக்குழந்தை. அந்த இரண்டு வருடமும் அண்ணனும் போகவில்லை. அவள் இல்லாமல் போக அவனுக்கு மனசு வரவில்லையாம். நான் இல்லாமல் போக மட்டும் மனசு நன்றாக வந்தது.

புது நூற்றாண்டு பிறந்த சமயத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனிதர். வாகட்டில் ஏழாவது மாடியில் வீடு, கீழே கார் நிறுத்த இடம், சைக்கிள் நிறுத்த இடமில்லை. "அந்த ஹைவேல சைக்கிளா? வேண்டாம் கண்ணு" என்றார். சாலையில் போன லாரிகளைப் பார்த்தபோது அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. என் லேடீஸ் சைக்கிள் கோர்படியிலேயே தங்கிவிட்டது. அதன் கேரியரில் குழந்தை சீட் மாட்டி மதினி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தாள். மராத்தியும் சரளமாகிவிட்டது, காய்கறி வண்டிக்காரியிடம் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவாள். மாவ்ஷி அவளோடு போனில் பேசுகிறாராம்.

சில வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு மறுநாள் என் கணவரிடம், "காரில் ஒரு சுற்று போவோம், நான் வழி சொல்கிறேன்" என்றேன். அண்ணனும் மதினியும் முந்தின நாள் காலையில் சைக்கிளில் கிளம்பியிருந்தார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். தாலிக் கொடியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டேன். பைபாஸில் புதுச் சுரங்கம் வந்திருந்தது, பழைய காத்ரஜ் வளைவு எந்தப் பக்கம் போயிற்று என்றே தெரியவில்லை. ஏறியது தெரியாமல் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தோம்.

மாவ்ஷிக்குத் தலை நரைத்திருந்தது, குரல் அப்படியேதான் இருந்தது. "இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று திட்டினார். மணைப் பலகை போட்டார். மஞ்சள், குங்குமம், அரிசி, ரவிக்கைத் துணி. நான் முந்தானையை இரண்டு கையாலும் அகலமாக ஏந்தினேன். தேங்காய் விழுந்தது. சொன்ன வாக்குப்படியே பெரிய காய். எத்தனை வருடத்து ஆசை!

"நேற்று ராத்திரி அவர்கள் இங்கேதான் படுத்தார்கள்" என்றார் மாவ்ஷி, என் நெற்றிக் குங்குமத்தைச் சரி செய்துகொண்டே. "இந்தக் காயை அவளுக்குத்தான் எடுத்து வைத்தேன். சைக்கிளில் கனம், மலை ஏற முடியாது என்று கும்பிட்டுவிட்டாள். நாலு அரிசி மட்டும் எடுத்துக்கொண்டாள். உனக்கென்ன போரி, காரில்தானே வந்திருக்கிறாய்."

ஆக, அவள் வேண்டாம் என்ற காய்.

வரந்தா காட் ஏற்றத்தில் அவர்களைப் பிடித்துவிட்டோம். அண்ணன் வழக்கம்போல் முன்னால் போய்க் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தான். மதினி மட்டும் மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முடியில் இரண்டு மூன்று வெள்ளை, முகமெல்லாம் வேர்வை, காலில் நரம்பு தெரிந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என் பட்டுப்புடவையையும், பின்சீட்டில் இருந்த தேங்காயையும் பார்த்தாள்.

"அப்பாடி! ஒருவழியா உங்களுக்கும் போட்டுட்டாவளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். அவள் சந்தோஷம் நிஜமானது. அதுதான் எனக்கு எப்போதும் தாங்காது.

"மதினி, சைக்கிளக் குடுங்க. உச்சி வரைக்கும் மட்டும். நீங்க கார்ல வாங்க."

"பட்டுச்சேலையிலயா?"

"தூக்கிச் செருகிக்கிடுதேன். நீங்க பால் வாங்கப் போன மாதிரி."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சைக்கிளின் மேல் காலைப் போட்டாள்.

"மாட்டேன் மதினி. இந்த ஏத்தத்துக்காகத்தான் வருசம் பூரா காத்துக் கெடக்கேன். உங்களுக்கு மடி நெறஞ்சாச்சுல்லா? இத எனக்கு விட்டுருங்க."

தண்ணீர் பாட்டிலைச் செருகிவிட்டு மிதித்துப் போய்விட்டாள். நான் சாலையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னாச்சு கண்ணு, போலாமா?" என்றார் கணவர். ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த வளைவு நெருங்கும்போதே எனக்குத் தெரிந்தது. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே சொன்ன வளைவு, நான் ஒரு தடவைகூட மிதித்துப் பார்க்காத வளைவு. மதினி சீட்டை விட்டு எழுந்திருக்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைத் தாண்டினோம். கணவர் முதல் கியர் போட்டார், கார் கொஞ்சம் முனகிவிட்டு ஏறியது. நான் இறங்கித் தள்ள வேண்டிய இடம் அது. பின்சீட்டில் தேங்காய் உருண்டு போய்க் கதவில் இடித்தது.